குழல் எத்தனை அங்குலம்?

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மேஜையில் ஒருவன் ஒரு ரைஃபிளையும் ஒரு அளவு டேப்பையும் கொண்டுவந்து வைத்து, "எந்த இடத்துல வெட்டலாம்னு சொல்லு" என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? நான் ரசம் சாதத் தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனேன்.

இடம், நியூசிலாந்தின் டனீடன் நகரம். நான் இங்கே பி.காம் மூன்றாம் வருடம். கேட்டவன் என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருப்பவன். ஒடாகோ பக்கத்துப் பண்ணை வீட்டுப் பையன் என்பதால் இங்கே அவன் பெயர் பண்ணையார். ரைஃபிள் அவன் தாத்தாவுடையது. அவருக்கு முழங்கால் போய்விட்டது, இனி மலை ஏற முடியாது. பேரனுக்குக் கொடுத்துவிட்டார்.

எனக்கும் துப்பாக்கிக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவுதான்: குமாரபாளையத்தில் எங்கள் பேங்க் வாசலில் ஒரு வாட்ச்மேன் தாத்தா இரட்டைக்குழல் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார். அதைத் தாண்டி உள்ளே போய்த்தான் கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

"என்னைப் போய்க் கேக்கறியேடா?"

"நீதானே வாடகைக்குக்கூட எக்ஸெல் போடுவ. இதுக்கும் போடு."

நியாயம்தான். போட்டேன். அந்தக் கணக்குதான் இந்தக் கட்டுரை.

ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். நம் நாட்டில் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றால் ஜெயில். இங்கே கதை தலைகீழ். இந்தத் தீவுகளில் வௌவாலைத் தவிர வேறு நில வாழ் பாலூட்டியே இயற்கையில் இருந்ததில்லை. மான்களை 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் வேட்டைக்காகக் கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள். தடுக்கப் புலி சிறுத்தை எதுவும் இல்லை. அவை பெருகி, காட்டின் இளஞ்செடிகளையெல்லாம் மேய்ந்து தீர்க்கின்றன. அதனால் மான் சுடுவது இங்கே குற்றம் இல்லை. லைசென்ஸும் காட்டுக்குள் போக அனுமதிச் சீட்டும் இருந்தால் போதும். பல வீடுகளில் ஃப்ரீசரைத் திறந்தால் மான்கறிதான். நான் சைவம் இல்லை, ஆனால் முதல் தடவை கொஞ்சம் யோசித்தேன். இரண்டாவது தடவை மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தேன்.

பண்ணையார் போகிற காடு டபானுய் ஊரை ஒட்டிய ப்ளூ மவுண்டன்ஸ். பெயரைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். நீலகிரி! ஊட்டி பஸ்தான் கிடைக்காது. அங்கே இருப்பது 'ஃபாலோ' என்கிற மான். நம் புள்ளிமான் சைஸ், கோடையில் பலவற்றுக்கு முதுகில் புள்ளிகூட இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். தாத்தாவின் ரைஃபிள் .308 வின்செஸ்டர் தோட்டா போடுகிற போல்ட் ஆக்‌ஷன். இந்தத் தோட்டா 1952-இல் வந்தது, இன்றைக்கும் இங்கே எந்தத் துப்பாக்கிக் கடையிலும் கிடைக்கும். குழல் நீளத்தை எப்படி அளப்பது என்பதே எனக்குப் புதுசு. உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு பேரும் பார்த்து உறுதி செய்துகொண்டு, போல்ட்டை மூடி, வாய்ப்பக்கமாகத் துடைப்புக் கம்பியை அது முட்டும்வரை விட வேண்டும். கம்பி எவ்வளவு உள்ளே போனதோ அதுதான் நீளம். தோட்டா உட்காரும் அறையும் இதில் சேர்த்தி. முனையில் மாட்டுகிற சைலன்ஸர் சேர்த்தி இல்லை. அளந்தோம். 24 அங்குலம், அதாவது 61 சென்டிமீட்டர்.

எதற்காக வெட்ட வேண்டும்? சைலன்ஸருக்காக. சினிமாவில் வில்லன் வைத்திருப்பானே, அதுதான். இங்கே வேட்டைக்காரர்கள் பலர் சட்டப்படியே மாட்டிக்கொள்கிறார்கள். அது குழலுக்கு முன்னால் 18 சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளும். வெட்டாமல் மாட்டினால் மொத்தத் துப்பாக்கி 130 சென்டிமீட்டர். என் தங்கை ஆறாவது படித்தபோது இருந்த உயரம்.

வெட்டினால் என்ன நஷ்டம்? தோட்டாவின் வேகம். இதைப் புரிந்துகொள்ள நான் பிளஸ் டூ பொருளாதாரப் புத்தகத்துக்குத்தான் போனேன். மருந்து எரிந்து உண்டாகிற வாயு குண்டைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆரம்பத்தில் வாயு அடைத்துக்கொண்டிருக்கிற இடம் சின்னது, அழுத்தம் பயங்கரம். குண்டு முன்னால் நகர நகர இடம் பெரிதாகிறது, அழுத்தம் விழுகிறது. முதல் சில அங்குலங்கள் கொடுக்கிற வேகத்தில் சின்னப் பங்கைத்தான் இருபதாவது அங்குலம் கொடுக்கும். குறைந்து செல் விளைவு விதி! அதே நிலத்தில் ஒவ்வொரு ஆளாகக் கூடச் சேர்த்துக்கொண்டே போனால் விளைச்சல் எப்படி ஏறும் என்று வரைந்தோமே, அந்தக் கோடுதான்.

.308-க்கு இந்தக் கடைசி அங்குலங்களில் ஒவ்வொன்றின் மதிப்பும் ஏறத்தாழ வினாடிக்கு 6 முதல் 8 மீட்டர். 24 அங்குலக் குழலில் 150 கிரெய்ன் குண்டு வினாடிக்குச் சுமார் 860 மீட்டரில் கிளம்புகிறது. 18 அங்குலமாக வெட்டினால் சுமார் 815-க்கு வரும். நூற்றுக்கு ஐந்து குறைவு. வேகத்தின் வர்க்கத்தில்தான் ஆற்றல் என்பதால் ஆற்றலில் நூற்றுக்குப் பத்து போகும்.

பத்து சதவீதம் என்றதும் பண்ணையார் முகம் வாடிவிட்டது. "பொறு" என்றேன். பத்து சதவீதம் எதற்கு என்று பார்க்காமல் அழக்கூடாது, இது எங்கள் வாத்தியார் சொன்னது. 100 மீட்டரில் குறி வைத்துச் சரிசெய்த ரைஃபிளில், 200 மீட்டர் தூரத்தில் இந்த இரண்டு குழல்களுக்கும் குண்டு தாழ்ந்து விழுவதில் வித்தியாசம் சுமார் 2 சென்டிமீட்டர். ஒரு மானின் நெஞ்சு, அதாவது இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். 2 சென்டிமீட்டரில் எதுவும் மாறாது.

மாறுவது வேறொன்று. வேட்டைக் குண்டு உடம்பில் பட்டதும் முனை விரிய வேண்டும். விரிந்தால்தான் மிருகம் சட்டென்று சாகும். அதற்குக் குறைந்தபட்ச வேகம் உண்டு. சாதாரண வேட்டைக் குண்டுகள் பலவற்றுக்கு வினாடிக்கு 550, 600 மீட்டர். அதற்குக் கீழே போனால் பென்சில் மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும், மான் ஓடிப்போய் எங்கேயோ கிடந்து நாள் கணக்கில் சாகும். ஆறு அங்குலம் வெட்டினால் அந்த எல்லைக்கோடு ஏறத்தாழ ஐம்பது மீட்டர் கிட்டே வருகிறது. ஆக உண்மையான கேள்வி 'எவ்வளவு வேகம் போகும்' என்பதல்ல, 'நீ எவ்வளவு தூரத்தில் சுடுவாய்' என்பது.

பண்ணையார் உடனே, "நான் 400 மீட்டர் வரைக்கும் சுடுவேன்" என்றான். இந்த மாதிரி பதில்களை நம்பக்கூடாது என்று மார்க்கெட் ரிசர்ச் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். என்ன செய்வாய் என்று கேட்காதே, என்ன செய்தாய் என்று பார்.

பார்ப்பதற்கு ஒன்று இருந்தது. தாத்தாவின் நோட்டு. பால் கணக்கு நோட்டு மாதிரி ஒன்றில், இதே ரைஃபிளால் சுட்ட ஒவ்வொரு மானையும் எழுதி வைத்திருக்கிறார். தேதி, இடம், தூரம், ஒரு வரி. அடுத்த வாரம் பண்ணைக்குப் போனபோது உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் 61 பதிவு. நூறு கஜத்துக்குள் 48. நூறிலிருந்து இருநூறுக்குள் 9. இருநூறைத் தாண்டி 4. அந்த நான்கில் இரண்டுக்கு நேராக ஒரே மாதிரி எழுதியிருந்தார்: அடிபட்டது, தேடினேன், கிடைக்கவில்லை. அதில் ஒன்றுக்குக் கீழே 'மறுநாளும் தேடினேன்' என்று இருந்தது.

கணக்குப் பிள்ளையாகப் பார்த்தால் முடிவு எளிது. 61-இல் 57 தடவை, 24 அங்குலக் குழலின் கூடுதல் வேகத்தால் எந்த லாபமும் இல்லை. மீதி நாலில் பாதி, சுட்டே இருக்கக்கூடாதவை. நீளமான குழல் கையில் இருந்தும் அந்த இரண்டு மான்களும் கிடைக்கவில்லை. தூரத்தில் தவறுவது குழலால் இல்லை. காற்று, மூச்சு, அவசரம்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் குட்டைக் குழல் சரி என்று சொல்ல மாட்டேன். தெற்கு ஆல்ப்ஸ் மலையில் 'தார்' என்று ஓர் ஆடு இருக்கிறது. இமயமலை ஆடு. 1904-இல் மவுண்ட் குக் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். நம் வரையாட்டுக்கு ஆங்கிலப் பெயரில் இருக்கிற அதே தார்தான். ஊரில் அது மாநில விலங்கு, தொட்டால் கேஸ். இங்கே அதன் பெயர்க்காரனை அரசாங்கமே ஹெலிகாப்டரிலிருந்து சுட்டுக் குறைக்கிறது. அந்த வெட்டவெளிப் பாறையில் 300 மீட்டர் சாதாரணத் தூரம். அங்கே போகிறவர்கள் 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் மாதிரி மருந்து அதிகம் உள்ள தோட்டாக்களை எடுத்துப் போவார்கள். நிறைய மருந்துக்கு நிறைய நீளம் வேண்டும். ஒவ்வொரு அங்குலம் வெட்டும்போதும் .308-ஐவிட அதிகம் இழப்பார்கள். அவர்களுக்கு 24, 26 அங்குலம் வீண் இல்லை. தோட்டாவும் காடும்தான் அளவைச் சொல்ல வேண்டும், ஆசை சொல்லக்கூடாது.

இன்னொரு பழைய நம்பிக்கையும் உண்டு. நீளக் குழல்தான் குறி தவறாது என்பது. இது இரும்புக் குறிமுள் காலத்து மிச்சம். முன்முள்ளுக்கும் பின்முள்ளுக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் கண்ணால் துல்லியமாகக் குறி பார்க்கலாம், அதற்கு நீளக் குழல் உதவியது. மேலே தொலைநோக்கி மாட்டிவிட்டால் அந்தக் காரணம் போச்சு. சொல்லப்போனால் ஒரே தடிமனில் குட்டைக் குழல் அதிக விறைப்பு, ஆட்டம் குறைவு. எடை விஷயத்தில்தான் நான் ஏமாந்தேன். முனைப்பக்கம் 16 மில்லிமீட்டர் தடிமன், எஃகின் அடர்த்தி, நடுவில் ஓட்டை எல்லாம் போட்டுப் பார்த்தால் ஒரு அங்குலம் வெறும் 30 கிராம். நாலு அங்குலம் வெட்டினால் ஒரு வாழைப்பழம். அந்தப் பக்கம் மாட்டுகிற சைலன்ஸர் அதைவிட எடை. ஆக எடை குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிறகு ஏன் வெட்டச் சொன்னேன்? இரண்டு காரணம். இரண்டும் எக்ஸெலில் வராதவை.

முதலாவது, போன வருடம் நான் கூடப் போன நாள். அப்போது பண்ணையார் கடன் வாங்கிய ஒரு ரைஃபிளில் சைலன்ஸர் மாட்டி வந்திருந்தான். அதுவும் 24 அங்குலம்தான். காட்டுக்குள் கொடிகள் பின்னிக் கிடக்கிற சரிவு. அவன் முன்னால், நான் பின்னால். நீட்டிக்கொண்டிருந்த முனை ஒரு கொடியில் மாட்டியது. இழுத்தான், வரவில்லை. உடம்பைத் திருப்பி இன்னொரு தடவை இழுத்தான். விடுபட்ட வேகத்தில் குழல் வட்டமடித்து என் நெஞ்சைத் தாண்டிப் போனது. அறையில் தோட்டா இல்லை, அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இருந்தும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. துப்பாக்கி முனை எப்போதும் ஆபத்தில்லாத திசையில் இருக்க வேண்டும் என்பது இங்கே லைசென்ஸ் பரீட்சையின் அடிப்படைப் பாடம். கூடத்தில் உட்கார்ந்து படிக்க எளிது. 130 சென்டிமீட்டரைக் கொடிக்குள் இழுத்துக்கொண்டு அதைக் காப்பாற்றுவது கஷ்டம். தப்பு அவனுடையது, குழலுடையது இல்லை. ஆனால் தப்பு நடக்க நீளம் வழி செய்தது.

இரண்டாவது, தாத்தாவின் காது. பண்ணையில் நான் நோட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது அவரிடம் ஏதோ கேட்டேன். பதில் இல்லை. பண்ணையார் அவர் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே போய், வாயைப் பெரிதாகத் திறந்து திரும்பச் சொன்னான். "ஆங்?" என்று தலையைச் சாய்த்து வலது காதைக் காட்டினார். இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலக்கைக்காரர்கள் ரைஃபிளைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்க்கும்போது இடது காதுதான் முனைப்பக்கம் பார்த்திருக்கும்.

எனக்கு அந்தத் தலைச் சாய்ப்பு புதுசு இல்லை. எங்கள் அப்பாவுக்கு வீட்டை ஒட்டின பட்டறையில் எட்டு நாடாத் தறி. முப்பது வருடமாக அந்தச் சத்தத்துக்குள்தான் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால், "சாப்புட்டியா கண்ணு" என்பதை அவர் கேட்பார். நான் சொல்கிற பதில் அவருக்குக் கேட்காது. "சத்தமாச் சொல்லு சாமி" என்பார். அப்புறம் அம்மாவிடம் போன் போய்விடும். கடைசியாக அப்பாவோடு ஐந்து நிமிடம் தொடர்ந்து பேசியது எப்போது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

தறிப்பட்டறைச் சத்தம் 90 டெசிபெல்லைத் தாண்டும். அது கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். வேட்டை ரைஃபிள் ஒரே வெடியில் 160 டெசிபெல்லைத் தொடும். 140-ஐத் தாண்டிய வெடிச்சத்தம் ஒரே தடவையிலேயே காதைக் கெடுக்கலாம் என்கிறார்கள். குழலைக் குட்டையாக்கினால் வாயு இன்னும் அழுத்தத்தோடு வெளியே வரும், சத்தம் இன்னும் கூடும். இதுதான் குட்டைக் குழலின் நிஜமான நஷ்டம், வேகம் அல்ல. ஆகவே சைலன்ஸர் மாட்டப் போவதில்லை என்றால் வெட்டவே கூடாது. மாட்டினால் 20 முதல் 30 டெசிபெல்வரை குறையும். சினிமா மாதிரி 'புஸ்' என்று கேட்காது. குண்டு ஒலியைவிட வேகமாகப் போவதால் வானத்தில் ஒரு சாட்டையடி கேட்கத்தான் செய்யும். ஆனால் காது பிழைக்க ஒரு வழி உண்டு.

"தாத்தா ஏன் காதுக்கு எதுவும் மாட்டலை?" என்று கேட்டேன். பண்ணையார் சொன்னான்: "மாட்டினா மான் நடக்கிற சத்தம் கேக்காதே."

ஊரில் நான் அப்பாவுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் போட்டார். கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். "இதப் போட்டா எந்தத் தறி நின்னுச்சுன்னு தெரியலீடா" என்றார். இழை அறுந்தால் சத்தம் மாறும், அதைக் கேட்டுத்தான் ஓடுவார். இரண்டு பேருக்கும் வேலைக்குக் காது வேண்டும். அந்த வேலையே காதைத் தின்கிறது. வாய்ப்புச் செலவு என்று பத்து மார்க் கேள்விக்கு எழுதியிருக்கிறேன். இப்படி இருக்கும் என்று தெரியாது.

முடிவு எடுத்தோம். நான் 18 சொன்னேன். அப்போது சைலன்ஸர் மாட்டியும் கிட்டத்தட்ட பழைய நீளமே வரும். பண்ணையார் 22 என்றான். தாத்தாவிடம் எழுதிக் காட்டினோம். அவர் 20 என்று விரலால் மேஜையில் தட்டினார். வேண்டுமானால் பிறகு இன்னும் இரண்டு வெட்டலாம், வெட்டியதை ஒட்ட முடியாது என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வெட்டுவது வீட்டில் ரம்பத்தால் செய்கிற வேலை இல்லை. துப்பாக்கி மெக்கானிக் கடைசல் இயந்திரத்தில் போட்டு, துளைக்குச் செங்குத்தாக வெட்டி, வாய் விளிம்பைச் சீராக்க வேண்டும். விளிம்பு ஒரு பக்கம் கோணினால் வாயு குண்டின் அடியில் ஒரு பக்கமாக இடித்து, குறி போய்விடும். பிறகு சைலன்ஸருக்கு மரை. குழல் முனைக்கு வர வர ஒடுங்குவதால், உள்ளே தள்ளி வெட்டும்போது மரை போடத் தடிமனும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. இங்கே சட்டம் மொத்த நீளம் 762 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதைக் கைத்துப்பாக்கியாக எண்ணும். நம்முடையது ஒரு மீட்டருக்கு மேல், அந்தப் பயம் இல்லை.

மூன்று வாரம் கழித்து வந்தது. மைதானத்தில் வேகமானி வைத்துப் பார்த்தோம். வெட்டுவதற்கு முன் அளந்ததைவிட வினாடிக்கு 28 மீட்டர் குறைவு. அங்குலத்துக்கு 7. என் எக்ஸெல் முதல் தடவையாக நிஜத்தோடு ஒத்துப்போனது. சைலன்ஸர் மாட்டியதில் குண்டு விழும் இடம் நகர்ந்திருந்ததால் குறியைத் திரும்பச் சரிசெய்தோம். அதை மறந்துவிடாதீர்கள்.

ஆக, யாராவது என்னைப் போல மாட்டிக்கொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நேர்ந்தால், வரிசை இதுதான். கடந்த வருடங்களில் எவ்வளவு தூரத்தில் சுட்டாய்? எந்தக் காடு? என்ன தோட்டா? காதுக்கு என்ன செய்யப் போகிறாய்? கூட யார் நடந்து வருவார்கள்? இதற்கெல்லாம் பதில் வந்த பிறகு அங்குலம் தானாக வரும்.

மைதானத்துக்குத் தாத்தாவையும் அழைத்துப் போயிருந்தோம். பண்ணையார் முதல் வெடி போட்டதும் அவர் அசையவில்லை. "சுட்டானா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். பேரனை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் பண்ணவில்லை. உட்கார்ந்து கடிதம் எழுதினேன். நாலு பக்கம் வந்தது.

டிஸ்கி: எனக்கு லைசென்ஸ் கிடையாது, இதுவரை ஒரு மான்கூடச் சுட்டதில்லை. சுடுகிற எண்ணமும் இல்லை. வறுக்கிற இலாகா மட்டும் என்னுடையது.